பொத்தானில் அறுபடும் தமிழ்

கைப்பேசிச் செயலி ஒன்றில் ஒரு படிவத்தைத் தமிழில் நிரப்பி முடிப்பவர், இறுதியில் ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பொத்தானின் மேல் ‘சப்மிட்’ என்ற சிறு சொல் இருக்கும். தமிழில் அது ‘சமர்ப்பிக்கவும்’. பொத்தானின் அகலம் ஆங்கிலச் சொல்லை மட்டும் மனத்திற்கொண்டு நிலையாக வைக்கப்பட்டிருந்தால், ஆண்ட்ராய்ட் எஞ்சியதை வெட்டி மூன்று புள்ளிகளை வைத்துவிடும். திரையில் ‘சமர்ப்பி…’ என்று நிற்கும். ‘காத்திருக்கவும்’ என்பது ‘காத்திரு…’ ஆகும். ‘உள்நுழையவும்’ என்பது ‘உள்நுழை…’ ஆகும். தமிழில் மரியாதை சொல்லின் இறுதியில் வாழ்கிறது. வேரை அடுத்து வரும் ஒட்டுகளே எதிரில் இருப்பவர் யார் என்பதைச் சொல்கின்றன. இறுதியை வெட்டினால் மிஞ்சுவது ஏவல் ஒருமை. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்த மூதாட்டியைப் பார்த்து அரசுச் செயலி ‘காத்திரு’ என்று சொன்னால், அதை யாரும் வேண்டுமென்று எழுதவில்லை என்பது சமாதானம் ஆகாது.

இந்தச் சிக்கல் சென்னைக்கோ மதுரைக்கோ அத்தனை உறைக்காது. அங்கே தமிழ் பெரும்பான்மை மொழி. திரை சரியாக இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு நேரில் சென்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். கேரளத்தின் கிழக்கு எல்லையில் நிலைமை வேறு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரையிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. எல்லை வகுத்தது சரியா தவறா என்ற பழைய வழக்கு இங்கே தேவையில்லை. எல்லைக்குள் நின்றுவிட்ட மொழிக்கு என்ன உறுதி தரப்பட்டது என்பதே கேள்வி.

உறுதி தரப்பட்டே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. கேரள அலுவல் மொழிகள் சட்டம் 1969-இல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தத்தம் மொழியில் எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்ற ஏற்பாடு அதில் உள்ளது. அது கடிதக் காலத்துச் சட்டம். வெள்ளைத் தாளுக்கு மொழி கிடையாது. எழுதுபவரே மொழியைக் கொண்டுவருவார். கைப்பேசித் திரை வெள்ளைத் தாள் அன்று. கட்டங்களும் தலைப்புகளும் பொத்தான்களும் முன்பே ஒரு மொழியில் வரையப்பட்டுத்தான் அது கைக்கு வருகிறது. மனு எழுதும் உரிமை இன்று அந்தக் கட்டங்களுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. ஆகவே இடைமுகத்தை எவ்வாறு கட்டுவது என்ற நிரலாளரின் கேள்வி, எல்லைப் பகுதிகளில் மொழியுரிமைக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

‘தமிழ் வேண்டுமா, சொற்கோப்பு ஒன்றைச் சேர்த்தால் போயிற்று’ என்பதே வழக்கமான பதில். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கோப்புறை வைத்து, திரையில் தோன்றும் சொற்களை அதில் எழுதலாம். கருவியின் மொழி எதுவோ அந்தக் கோப்பு எடுத்துக்கொள்ளப்படும். நல்ல ஏற்பாடுதான். 2016-இல் வந்த ஆண்ட்ராய்ட் 7 அதை மேலும் செப்பம் செய்தது. அதற்குமுன் பயனர் ஒரு மொழியை மட்டுமே குறிக்க முடிந்தது. செயலியில் தமிழ் இல்லையென்றால் அதன் இயல்பு மொழிக்கு, பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு, திரை தாவிவிடும். இப்போது தமிழ், அடுத்து மலையாளம், அதன்பின் ஆங்கிலம் என்று வரிசை கொடுக்கலாம். எல்லைவாழ் மக்களின் மொழி வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்ட் 13, ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி தேர்ந்துகொள்ளும் வசதியைக் கணினி அமைப்பிலேயே தந்தது.

ஆனால் இவையெல்லாம் செயலிக்குள் முன்பே வைத்துக் கட்டிய சொற்களுக்கு மட்டும் உதவும். இன்றைய படிவங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று தேர்ந்தவுடன் அதற்குரிய கட்டங்களின் பட்டியல் வழங்கியிலிருந்து வருகிறது. செயலி அப்பட்டியலைப் படித்து, அந்த நொடியிலேயே தலைப்பையும் கட்டத்தையும் உருவாக்கித் திரையில் அடுக்குகிறது. நிரலாளர் இதை இயங்குநிலை இடைமுகம் என்பார். அங்கே சொற்கோப்புக்கு வேலையே இல்லை. பயனரின் மொழி வரிசையைச் செயலி வழங்கிக்கு அனுப்ப வேண்டும். வழங்கியும் அதை மதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பொத்தான் தமிழிலும் கேள்வி மலையாளத்திலுமாகத் திரை இரண்டுபட்டு நிற்கும். ‘சமர்ப்பிக்கவும்’ என்பது புரிகிறது. எதைச் சமர்ப்பிக்கிறோம் என்பது புரிவதில்லை. முழுத் திரையும் மலையாளத்தில் இருந்திருந்தால் அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அரைகுறைத் தமிழ் அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

தமிழ்ச் சொல் வந்து சேர்ந்த பிறகும் இலக்கணம் குறுக்கே நிற்கும். ‘இன்ன ஊரில் மழை எச்சரிக்கை’ என்று ஒரு வாக்கியத்தை வார்ப்பாக வைத்து, ஊர்ப்பெயருக்கு மட்டும் வெற்றிடம் விடுவது நிரலாளர் வழக்கம். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனியே நிற்பதால் எந்த ஊரையும் பொருத்தலாம். தமிழில் வேற்றுமை ஏற்கும்போது பெயரே வடிவம் மாறும். சித்தூர் ‘சித்தூரில்’ ஆகும், அது எளிது. குமுளி ‘குமுளியில்’ என்று உடம்படுமெய் பெறும். தேவிகுளம் ‘தேவிகுளத்தில்’ என்று அத்துச் சாரியை ஏற்கும். பாலக்காடு ‘பாலக்காட்டில்’ என்றும் மூணாறு ‘மூணாற்றில்’ என்றும் ஒற்று இரட்டிக்கும். வார்ப்போ ‘தேவிகுளம்இல்’, ‘மூணாறுஇல்’ என்று ஒட்டிவைக்கிறது. படித்தால் பொருள் தெரியுமே என்பார்கள். தெரியும்தான், ஆனால் இது இயந்திரம் ஒட்டிய சொல், இங்கே மனிதர் யாரும் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்தே தெரியும். எச்சரிக்கைக்கு அத்தகைய தோற்றம் ஆகாது. தீர்வு கடினமானதன்று. ஊர்ப்பெயர்கள் எண்ணி முடிக்கத்தக்கவை. ஒவ்வோர் ஊருக்கும் எழுவாய் வடிவத்துடன் இடவேற்றுமை வடிவத்தையும் தரவில் வைத்துவிடலாம். அதற்கும் மனமில்லையெனில் ‘இடம்: தேவிகுளம்’ என்று வாக்கியத்தையே தவிர்க்கலாம். தேவிகுளத்து, பாலக்காட்டு என்ற வடிவ மாற்றம் மலையாளத்துக்கும் உரியதாகையால், இந்த உழைப்பால் பெரும்பான்மை மொழிக்கும் நன்மையே.

எச்சரிக்கையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த இழப்பைச் செயலிகளின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் மழைக்காலம்தோறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் பலகைகள் கைப்பேசியில் தோன்றும் மலைப்பகுதி இது. நிறம் எல்லாருக்கும் புரியும். அதன் கீழுள்ள வரி, எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பது, எந்த மொழியில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

இத்தகைய பலகைகளை நிரலாளர் பெரும்பாலும் தாமே வரைகின்றனர். ஆண்ட்ராய்டில் தனிப்பயன் காட்சிக்கூறு ஒன்றைப் படைப்பவர் மூன்று வேலைகளைக் கையிலெடுக்கிறார்: எவ்வளவு இடம் வேண்டும் என்று அளத்தல், உள்ளுறுப்புகளை அடுக்குதல், திரையில் வரைதல். ஆயத்தமாகக் கிடைக்கும் எழுத்துப் பெட்டி இவற்றைத் தானே செய்துகொள்ளும். தாமே வரையத் தொடங்கியவுடன் பொறுப்பு முழுவதும் நிரலாளருடையது. அளக்கும்போது இலத்தீன் எழுத்தின் உயரத்தை மாதிரியாக வைத்தால், தமிழின் மேற்புள்ளியும் ‘கூ’, ‘ளூ’ முதலியவற்றின் கீழ்வளைவும் வெட்டுப்படும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘எண்’ என்பது ‘எண’ என்று நிற்கும். (ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர், படிப்பவர் ஊகித்துக்கொண்டனர். வருவாய்த் துறைப் படிவத்தில் அந்தப் புலமையை எதிர்பார்க்கலாகாது.)

எழுத்துகளை எண்ணுவதிலும் இதே தடுமாற்றம். கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெயரை நிரப்பும் பழைய தாள் படிவத்தைத் திரையில் நகலெடுப்பவர்கள், ஒருங்குறிக் குறிகளையே எழுத்துகள் என்று கொள்கின்றனர். கொழிஞ்சாம்பாறை தமிழருக்கு 7 எழுத்து; கணினிக்கு 14 குறி. பத்துக்குமேல் கூடாது என்று வரம்பிட்டால் ஊர் ‘கொழிஞ்சாம்’ என்று நின்றுவிடும். பாறை வெளியே கிடக்கும். குறிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வரைந்தால், துணைக்கால் ஒரு கட்டத்திலும் அதன் மெய் இன்னொரு கட்டத்திலுமாகச் சிதறும். எழுத்து எங்கே முடிகிறது என்று சொல்லும் கருவி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதை அழைப்பதற்கு மொழியியல் பட்டம் தேவையில்லை. இது ஆங்கிலம் அன்று என்ற நினைவு இருந்தால் போதும்.

மலையாளம்தான் எல்லாருக்கும் தெரியுமே என்பது மற்றொரு வாதம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியபின் வளர்பவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தமிழ்வழிப் பள்ளியில் சில வகுப்புகள் படித்து மலையேறிய தலைமுறைக்கு அது பொருந்தாது. சந்தையில் மலையாளம் பேசுவது வேறு, நில ஆவணப் படிவத்தின் மலையாளத்தைப் படிப்பது வேறு. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகின்றனவோ, அவர்களே இந்தத் திரைக்கு முன் தடுமாறுபவர்கள்.

எந்த எழுத்தும் படிக்க இயலாதவர்களும் உண்டு. இடமலைக்குடி முதுவர்களுக்கும் அட்டப்பாடி இருளர்களுக்கும் வீட்டு மொழியே வேறு. திரையை வாசித்துச் சொல்லும் வசதி, வரைந்த எழுத்தைப் படமாகவே காண்கிறது. நிரலாளர் விளக்கச் சொல்லைத் தனியே இணைக்காவிட்டால் தனிப்பயன் கூறு ஊமையாகிவிடும். அழகுக்காக வரைந்த எத்தனையோ பலகைகள் இப்படி வாய் திறப்பதில்லை.

நிரலாளரை மட்டும் குறைசொல்வதும் முறையன்று. அமைப்பே நெடுங்காலம் இலத்தீன் பக்கம் சாய்ந்திருந்தது. உயரம் மிகுந்த எழுத்துமுறைகளுக்கு ஆண்ட்ராய்ட், ஆங்கில வரியின் உயரத்துக்குள் அடங்குமாறு நெருக்கிய எழுத்துருவையே இயல்பாகப் பயன்படுத்தி வந்தது. தமிழும் மலையாளமும் அப்படி நெருக்கப்பட்டவற்றுள் அடங்கும். எல்லையின் இரு மொழிகளும் இதிலாவது சமம். 2024-இல் வந்த ஆண்ட்ராய்ட் 15-தான் முழு உயர எழுத்துருவை இயல்பாக்கியது, அதுவும் அப்பதிப்பை இலக்காகக் கொண்டு கட்டிய செயலிகளுக்கு மட்டும். பழைய கைப்பேசிகளுக்கு அது தானாக வராது. ஆனால் அதே பண்பு 2014-இன் ஆண்ட்ராய்ட் 5 முதலே நிரலில் இருக்கிறது. எழுத்துப் பெட்டியில் ஒரு வரி சேர்த்தால், எஸ்டேட் லயத்தில் பேரனிடமிருந்து பாட்டிக்கு வந்துசேர்ந்த பழைய கைப்பேசியிலும் எழுத்து நிமிர்ந்து நிற்கும். பொத்தானுக்கு நிலையான அகலம் தராமல், இரண்டாம் வரிக்கு இடம் விட்டால், ‘சமர்ப்பிக்கவும்’ முழுதாகத் தெரியும்.