500 ரூபாய்க்கு வெளியே நின்ன பையன்

மீரா நாயரோட ‘சலாம் பாம்பே’ (1988) பாத்திருக்கீங்களா? கான்ஸ்ல விருது, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் வாங்கின இந்திப் படம். நம்ம பக்கம் பேசுறவங்க கம்மி. 👇

2/ கிருஷ்ணான்னு சின்னப் பையன். அண்ணன் பைக்கை நாசம் பண்ணிட்டான். 500 ரூபாய் சேத்தாதான் வீட்டுக்குள்ள வர முடியும். பம்பாய் தெருவுல டீ கொண்டு போய்க் குடுத்துச் சேக்கான். அதையும் கூட இருந்தவனே எடுத்துடுறான்.

3/ நடிச்ச பசங்கள்ல நிறைய பேரு நிஜமாவே தெருவுல வளந்தவங்க. கிருஷ்ணாவா வந்த ஷஃபீக் சையதுக்குத் தேசிய விருது கிடைச்சுது. பின்னாடி அவர் பெங்களூருல ஆட்டோ ஓட்டினார்.

4/ திருச்செந்தூர்தான் ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன். அதுக்கு மேல கடல். கோயில்ல சோறு உண்டு, கூட்டத்துல யாரும் கேக்க மாட்டாங்க. ஓடி வர்ற பிள்ளைங்களுக்கு வேற என்ன வேணும்?

5/ ஒரு நைட் டூட்டியில, கால்ல கண்ணாடி குத்தி ஒருத்தன் வந்தான். தையல் போட்டுக்கிட்டே “ஏம்ல ஓடி வந்த?”ன்னு சத்தம் போட்டேன். சீட்டு எழுதிட்டு நிமிந்தா ஆளில்ல. தப்பு என் மேலதான்.

6/ இப்போ என் முதல் கேள்வி, “சாப்டியால?”

7/ தனியா ஒரு பிள்ளையப் பாத்தா 1098-க்கு அடிங்க, இலவசம். 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும்னு சட்டமே இருக்கு. ஆனா அடிக்குப் பயந்து ஓடினவன, விசாரிக்காம அதே வீட்டுல விட்டா திரும்பவும் ஓடுவான்.

8/ பெத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த 500 ரூபாய்க் கணக்கை அந்த வீடு விட்டுக்குடுத்திருந்தா, இந்தப் படமே இருந்திருக்காது.