உறைந்த கோழியும் மலைநாட்டுக் குளிரும்

உறைந்த கோழியை நேரே போறணையில் வைத்தால் புறம் கருகி அகம் வேகாமல் நோய் தருமென்றும், ஆகையால் முதல்நாள் இரவே அதைக் குசினி மேசையில் எடுத்து வைக்கவேண்டும், நுவரெலியாக் குளிரில் கெடாதென்றும் ஹட்டன் வட்டாரமெங்கும் பலர் உறுதியாகச் சொல்கின்றனர். இவ்வாதத்தின் ஒவ்வோர் அங்கமும் பிழை.

1. நுவரெலியாவின் வருடச் சராசரி உஷ்ணம் ஏறத்தாழ 16 பாகை. கிருமிகளின் விருத்தியை அடக்கும் குளிரோ 5 பாகைக்குக் கீழ்ப்பட்டது. நம் தேகம் நடுங்குவதால் சல்மொனெல்லாவும் ஒடுங்கிவிடுமா?

2. நெஞ்செலும்போரம் பனிக்கட்டியாய் இறுகியிருக்கையிலேயே, தோலும் சிறகடியும் இளகி, இளஞ்சிவப்பு நீர் தட்டில் வடியத் தொடங்குகிறது. விடியும்வரை கிருமிகள் பெருகுவது அந்த மேற்புறத்திலேதான்.

3. நேரே சுடுவது ஆபத்தன்று, அவசரமே ஆபத்து. அமெரிக்க விவசாயத் திணைக்களம் விதித்துள்ளபடி, 163 பாகைக்குக் குறையாத போறணையில், வழக்கமான நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வைத்து, தொடையின் தடித்த பாகத்தில் எலும்பில் முட்டாமல் செருகிய வெப்பமானி 74 பாகை காட்டும்வரை பொறுத்தால், அகமும் புறமும் பூரணமாக வேகும். தோல் கருகுமெனில் அலுமினியத் தாளால் மூடலாகாதா?

4. நுவரெலியாவின் உயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதிப்பதால் இறைச்சி வேகாதென்பதும் நியாயமன்று. வேண்டியது 74 தானே?

இளகவைத்தே தீரவேண்டுமென்போர் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒருநாள் வைக்கட்டும். பிள்ளைகளுக்கு ஊட்டும் உணவின் க்ஷேமத்தைச் சாளரத்துக் காற்றிடம் ஒப்படைக்க எவருக்கும் உரிமையில்லை.