குணமாகும் வழியில் மீண்டும் வரும் வலி

முதுகுவலியால் படுத்தவர் மூன்று வாரங்களில் எழுந்து நடமாடுகிறார். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் காலை, பழைய வலி அதே கடுமையுடன் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. வீட்டார் கலங்குகின்றனர். நோயாளியோ, இதுவரை அடைந்த குணமெல்லாம் பாழாயிற்றென்று எண்ணிப் படுக்கைக்குத் திரும்புகிறார். களப்பணியாளரிடையேயும் ஆசிரியரிடையேயும் அடிக்கடி காணப்படும் இவ்வெண்ணம், வலியைக் காட்டிலும் மிகுந்த கேட்டை விளைவிக்கிறது.

வலியின் அளவும் உடற்சேதத்தின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. 1965-ல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட வாயிற்கொள்கை, காயமுற்ற இடத்திலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகின்றன என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அதில் பங்கு கொள்கின்றன என்றும் விளக்கியது. அக்கொள்கையின் நுணுக்கங்கள் பல பின்னர்த் திருத்தம் பெற்றன. மையக் கருத்து நிலைத்தது. ஆகவே உறக்கக் குறைவு, கவலை, பழக்கம் விட்டுப்போன வேலை ஆகியன, புதிய காயம் ஏதுமின்றியே வலியை உயர்த்த வல்லவை.

இவ்விடையூறு பெரும்பாலும் நல்ல நாளில் விதைக்கப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். வலி சற்றுத் தணிந்தவுடன், தேங்கிக் கிடந்த வேலை முழுவதையும் அன்றே முடித்துவிட ஆவல் எழுகிறது. தெளிப்பானை முதுகில் சுமந்து வயல் முழுதும் நடக்கிறார் ஒருவர். ஆறு பாடவேளையும் கரும்பலகையின் முன் நிற்கிறார் மற்றொருவர். மறுநாள் இருவரும் படுக்கையில். அமெரிக்க உளவியலறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ், வேலையின் அளவை வலி நிர்ணயிக்க விடாமல், முன்கூட்டியே வகுத்த கணக்கு நிர்ணயிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். சிரமமின்றி இருபது நிமிடம் நடக்கக்கூடியவர் பதினைந்து நிமிடத்தில் தொடங்கலாம். நல்ல நாளிலும் பதினைந்தே. அதைச் சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது உயர்த்தலாம். வலி மீண்டு வந்தால் பத்தாகக் குறைக்கலாம், அறவே நிறுத்தலாகாது. நல்ல நாளில் நிறுத்திக்கொள்வதே இதில் கடினமான பகுதி.

படுக்கை ஓய்வைப் பற்றிய பழைய நம்பிக்கை ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்களைவிட ஏழு நாள் ஓய்வு பெற்றவர்கள் எவ்வகையிலும் மேலாகக் குணமடையவில்லை. வேலைக்கு வராத நாட்களே மிகுந்தன. 1995-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைந்து குணமடைந்தனர். இரண்டு நாள் படுத்திருந்தவர்கள் மிகவும் பின்தங்கினர்.

இஃது எல்லா வலிக்கும் பொருந்தாது. கால் வலுவிழத்தல், தொடைகளின் உட்புறமும் ஆசனப்பகுதியும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் நில்லாமை, காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவற்றில் தாமதமின்றி மருத்துவரை அணுகுதல் அவசியம்.

நோயாளியின் பொறுமைக்கு அலுவலகமும் இடந்தர வேண்டும். மத்திய அரசு ஊழியர்க்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, மருத்துவச் சான்றின்பேரில் விடுப்பெடுத்தவர் தகுதிச் சான்று காட்டியே பணிக்குத் திரும்பலாம். அரைகுறையாகக் குணமானவர் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அச்சான்று கூறுவதில்லை. ஆகவே அவர் முதல் நாளிலேயே முழுச்சுமையை ஏற்கிறார். அல்லது விடுப்பை நீட்டிக்கிறார். பிரிட்டனில் 2010 முதல், குறைந்த நேரம் அல்லது மாற்றுப்பணி என்று மருத்துவரே எழுதித்தரும் முறை நடைமுறையிலுள்ளது. பின்லாந்தில் 2007 முதல், பகுதிநேரம் உழைத்துக்கொண்டே நோய்க்கால உதவித்தொகை பெறலாம். இத்தகைய ஏற்பாடு நம் விதிகளிலும் இடம்பெறுதல் வேண்டும். அதுவரையில், தலைமையாசிரியர் இரண்டு வாரங்களுக்குப் பாடவேளைகளை இடைவெளிவிட்டு அமைப்பதற்கும், வட்டார அதிகாரி தொலைவிலுள்ள கிராமங்களை வேறொருவரிடம் ஒப்படைப்பதற்கும், வகுப்பறையில் ஒரு நாற்காலி இடுவதற்கும் மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.