யார் போட்ட வேஷம்?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வீட்டில் 'காஸாபிளாங்கா' பார்த்தோம். 1942-ல் வந்த படம்; நண்பருக்கு எத்தனையாவது தடவையோ! முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்ன முகம் ஐயா! இந்த முகத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே ஏமாற்றிவிட்டாளே!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

இங்க்ரிட் பெர்க்மன் யாரை ஏமாற்றினார்? 1939-ல் ஸ்வீடனிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தபோது, தயாரிப்பாளர் ஸெல்ஸ்னிக் பெயரை மாற்ற வேண்டும், புருவத்தைத் திருத்த வேண்டும் என்றார். முடியாது என்றார் அந்தப் பெண். கெட்டிக்கார வியாபாரி அந்த மறுப்பையே சரக்காக்கினார். பூச்சு இல்லாத அழகி, மாசு இல்லாத குடும்பப் பெண் என்று ஊரெங்கும் விளம்பரம். 1945-ல் கன்னிகாஸ்திரீ வேஷம். 1948-ல் புனித ஜோன் வேஷம். ஜனங்கள் உடுப்பையும் உடம்பையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

அவரோ அந்தத் தையலைப் பிரிக்கத்தான் பார்த்தார். 1941-ல் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் தமக்குக் கொடுத்த நல்ல பெண் வேஷத்தை விட்டு, மதுக்கடைப் பெண் வேஷத்தைக் கேட்டு வாங்கி நடித்தார். இதுவா ஏமாற்று வேலை?

1949-ல் இத்தாலிய டைரக்டர் ரோஸ்ஸெல்லினியின் படத்தில் நடிக்க ஸ்ட்ராம்போலித் தீவுக்குப் போனார். இருவரும் மணமானவர்கள், இருவருக்கும் காதல். 1950 பிப்ரவரியில், மணம் புரிந்துகொள்ளுமுன்பே, ஆண் குழந்தை பிறந்தது. இது சரியென்று வாதாட நான் வரவில்லை. கைவிடப்பட்ட கணவருக்கும் சிறு மகளுக்கும் அது பெருந்துயரம். கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. டிக்கெட் வாங்கியவனுக்கு என்ன உரிமை? அவன் கொடுத்த காசுக்கு இரண்டு மணி நேர நடிப்பு கிடைத்தது. கணக்கு அதோடு தீர்ந்தது.

ஆனால் தீர்க்க விட்டார்களா? அந்த மார்ச் மாதம் 14-ஆம் தேதி கொலராடோ மாகாணத்து எட்வின் ஜான்ஸன் அமெரிக்க ஸெனட் சபையில் எழுந்து அவரைத் தீய சக்தி என்று தூற்றினார். நடிகைகளுக்கும் படங்களுக்கும் ஒழுக்கம் பார்த்து லைசென்ஸ் வழங்க ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். மசோதா சட்டமாகவில்லை, ஆனால் ஹாலிவுட் கதவு சாத்திக்கொண்டது.

ஒழுக்கத்தின் மேல் இத்தனை பற்றா? லொரெட்டா யங் 1935-ல் கிளார்க் கேபிளின் குழந்தையைப் பெற்றார். அந்த மகளைத் தாமே தத்தெடுத்ததாக ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேபிளின் தந்தைமை அவருடைய கடைசி நாள்வரை பகிரங்கமாகவில்லை. இருவர் தொழிலும் செழித்தது. அப்படியானால் ஹாலிவுட் தண்டித்தது செய்கையையா? இல்லை, மறைக்காததை!

"அந்தப் பெயரால் வந்த பணத்தை வாங்கிக்கொண்டாரே?" என்பார் நண்பர். வாங்கினார். பணத்தை எண்ணி வைத்த கம்பெனிகள் அதைவிட எத்தனை பங்கு அதிகம் வாங்கின? அவற்றை யாராவது ஸெனட்டில் நிறுத்தினார்களா?

1956-ல் எட் ஸல்லிவன் தம் டெலிவிஷன் நிகழ்ச்சியில், பெர்க்மனை அழைக்கலாமா என்று நேயர்களைக் கடிதம் எழுதச் சொன்னார். பிராயச்சித்தத்துக்கு ஏழரை வருஷம் கிடைத்ததே என்றும் சேர்த்துக்கொண்டார். ஏழரை! சனீஸ்வரன் கணக்கேதான். அந்த வருஷமே 'அனஸ்தாசியா' வந்தது. இரண்டாவது ஆஸ்கார் கிடைத்தது. 1972-ல் ஸெனட்டர் சார்லஸ் பெர்ஸி அதே சபையில் மன்னிப்புக் கோரினார். நல்ல மனிதர். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு, மூடிய கதவுக்கு வெளியே கழிந்த நாட்களைத் திருப்பித் தருமா? அந்நாட்களில் அவர் நடித்து, 1954-ல் வெளிவந்து ஓடாமல் போன 'இத்தாலியப் பயணம்' படத்தை இன்று விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். என் கதாநாயகி வழுக்கி விழுந்தால் உருகிக் கடிதம் எழுதுகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் விழுந்தால் ஜன்னலைச் சாத்துகிறீர்கள். நண்பரும் அப்படித்தான். கணவனுக்கும் காதலனுக்கும் நடுவே தவித்த இல்ஸாவுக்காகக் கண்ணாடியைத் துடைத்தார். இல்ஸாவாக நடித்தவருக்கு அதே தவிப்பு நிஜத்தில் வந்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பெழுதிவிட்டார்.

அடுத்த வாரம் அவரை 'இத்தாலியப் பயணம்' பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொன்னார். காபி என் வீட்டில்.