நூற்றிருபது குதிரைகளும் ஒரு முழங்காலும்

எங்கள் வீட்டு சான்ட்ரோவுக்கு 2024-ல் பதினைந்து வயது பூர்த்தியாயிற்று. மனிதனுக்குப் பதினைந்து ஆனால் மீசை அரும்பும். காருக்குப் பதினைந்து ஆனால் ஆர்.சி. காலாவதியாகும். புதுப்பிக்க ஒரு காலத்தில் 600 ரூபாய் வாங்கினார்கள். 2022 ஏப்ரலிலிருந்து 5000. அதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புகை எவ்வளவு என்று காட்ட வேண்டும். நான் சர்வீஸ் விட்டு வெகுநாளாயிற்று. காட்டுகிற தைரியம் இல்லை.

"புது வண்டி வாங்கிடலாம்" என்றேன். வீட்டில் ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. என்ன வண்டி என்று ஒருத்தரும் கேட்கவுமில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் காரைக்காலில் குடியிருந்து நாகப்பட்டினத்தில் ஃபைல் தள்ளுகிறவன். போக இருபது, வர இருபது கிலோமீட்டர். காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்காள விரிகுடா. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி, திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி, வாஞ்சூர் வந்தால் எங்கள் மாநிலம் முடிந்துபோகும். அப்புறம் நாகூர், நாகை. இந்த இருபது கிலோமீட்டரை நான் நாற்பது நிமிஷத்தில் கடக்கிறேன். சராசரி வேகம் மணிக்கு முப்பது. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போனால் அதுவும் கிடையாது. அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயும். நெல்லுக்கு ஹாரன் அடித்துப் பயனில்லை.

இப்படிப்பட்ட ரோட்டில் ஓட்டுகிறவன் ஆசைப்பட்ட வண்டி என்ன தெரியுமா? ஹாட் ஹேட்ச்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்ப்பதற்குச் சாதாரண, டிக்கி நீளாத குடும்பக் கார். உள்ளே மட்டும் வீரியமான என்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன். எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒருத்தர் நெற்றி நிறைய விபூதியோடு சாதுவாக உட்கார்ந்திருப்பார். ஒரு பொங்கல் விழாவில் சிலம்பம் எடுத்துச் சுற்றினாரே பார்க்கணும், மானேஜர் மேஜைக்குப் பின்னால் போய்விட்டார். அந்த ஜாதி வண்டி.

இந்தப் பைத்தியம் எனக்கு 2001-ல் பிடித்தது. ஃபியட் பாலியோவில் 1.6 லிட்டர் என்ஜின் வைத்து ஜி.டி.எக்ஸ். என்று ஒன்று வந்தது. விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர். நான் காலேஜ் முதல் வருஷம். கையில் சைக்கிள்தான் இருந்தது. ஆனால் அந்த விளம்பரத்தை வெட்டி பௌதிக ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருந்தேன். பௌதிகத்தில் கிடைத்த மார்க் பற்றி இங்கே பேச்சு வேண்டாம்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் எதிர்வீட்டு சொல்தா தாத்தா. காரைக்காலில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை சொல்தா என்போம். அவர் பிரான்சில் இருந்த காலத்துக் கதைகளில் சண்டை குறைவு, கார் அதிகம்.

"1976-ல ஜெர்மன்காரன் கோல்ஃப் ஜி.டி.ஐ.ன்னு விட்டான் தம்பி. நூத்திப் பத்துக் குதிரை. ஐயாயிரம் வண்டி வித்தாப் போதும்னு நெனச்சான். முதல் மாடலே நாலரை லட்சத்துக்கு மேல வித்துது. நம்மாளு விடுவானா? 84-ல பெஜோ 205 ஜி.டி.ஐ.!"

'நம்மாளு' என்றால் பிரான்ஸ். 1954 நவம்பரிலேயே பிரெஞ்சு நிர்வாகம் ஊரைவிட்டுப் போய்விட்டது. தாத்தாவுக்குள்ளிருந்து இன்னும் போகவில்லை.

"உங்ககிட்ட இருந்துச்சா தாத்தா?"

"சாதா 205 இருந்துச்சு. ஜி.டி.ஐ. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருந்துச்சு" என்றார். அந்தப் பெருமூச்சில் நாற்பது வருஷம் இருந்தது. நாளைக்கு நானும் இப்படி யாரோ ஒரு பையனிடம் பெருமூச்சு விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆபீசில் எக்ஸெல் ஷீட் திறந்தேன். (லஞ்ச் அவரில்தான். தலைமை எழுத்தர் இதைப் படிக்கிற வழக்கம் உண்டு.) நம் நாட்டில் இந்த ஜாதி வண்டிகள் வரும், இளைஞர்கள் ஓடிப்போய் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், வாங்குவதற்குள் நிறுத்திவிடுவார்கள். 2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தது. 2015-ல் 145 குதிரையோடு அபார்த் புன்டோ. 2017-ல் பலேனோ ஆர்.எஸ்., 2018-ல் டியாகோ ஜே.டி.பி. எல்லாமே போய்ச் சேர்ந்துவிட்டன. போலோவே 2022-ல் நின்றுவிட்டது. நல்ல போலோ ஒன்று செகண்ட் ஹாண்டில் வந்தது. ஏழு கியர், இரண்டு கிளட்ச். "இதைப் பிரிச்சுப் பூட்ட முடியுமா?" என்று எங்கள் மெக்கானிக்கைக் கேட்டேன். "பிரிச்சுடலாம் சார்" என்றார். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

புதிதாக வாங்க மிஞ்சியவை இரண்டு. ஹூண்டாய் ஐ20 என் லைன். 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேசர். இரண்டுக்கும் மூன்று சிலிண்டர், ஒரு டர்போ, 120 குதிரை. டர்போ என்பது, வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு காத்தாடியைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றலில் இன்னொரு காத்தாடியால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிற ஏற்பாடு. காற்று அதிகம், அதனால் பெட்ரோலும் அதிகம் எரியும், சக்தியும் அதிகம். ஒரே குறை, காத்தாடி வேகம் பிடிக்கக் கொஞ்சம் தாமதம். நம்ம ஆபீஸ் பியூன் மாதிரி. மணியடித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் டீ, ஃபைல், தபால் எல்லாம் ஒரே சமயத்தில் மேஜைமேல் வந்து விழும்.

ஐ20-க்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ரேசருக்குப் பின்னால் டிரம். ஐ20-யில் ஆட்டோமேட்டிக் உண்டு. ரேசரில் கையால் போடும் ஆறு கியர் மட்டும்தான். மோதல் சோதனையில் ஆல்ட்ரோஸ் 2020-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022-ல் மூன்று வாங்கி, அதன்பிறகு எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் போட்டுக்கொண்டது. அப்போதைய ஷோரூம் விலை ரேசருக்கு 9.49 லட்சத்தில் ஆரம்பித்து 10.99 வரை. ஐ20 என் லைன் 9.99-ல் ஆரம்பித்துப் பன்னிரண்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 13 சதவீதம் வரி, பத்தைத் தாண்டினால் இன்னும் அதிகம். எங்கள் பி.ஒய். 02-க்கு அதைவிடக் குறைச்சல். பெட்ரோலும் மலிவு. நாகை ஆபீஸ் நண்பர்களுக்கு என்மேல் இருக்கிற ஒரே பொறாமை இதுதான். (வாஞ்சூரில் மலிவாகக் கிடைக்கும் மூன்றாவது சமாசாரம் பற்றி அவர்கள் பேசுவதில்லை. போய் வந்துவிடுகிறார்கள்.)

எக்ஸெலில் ஐ20 இரண்டு மார்க் முன்னிலை. மனைவிக்கும் அதுதான். "ஆட்டோமேட்டிக்னா நானும் ஓட்டுவேங்க." முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த சனிக்கிழமை நண்பன் ஒருத்தன் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் மாடல் காரோடு வந்தான். என்ன கம்பெனி என்று சொல்லமாட்டேன், அதன் மேல் தப்பில்லை. "வாங்கப்பா, ஒரு ரவுண்டு" என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு பீச் ரோட்டில் போனோம். அரசலாற்றை ஒட்டி கடல் வரைக்கும் போகிற ரோடு. நல்ல காற்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. கடற்கரையில் நிறுத்தி நாங்கள் இறங்கிவிட்டோம். அப்பா இறங்கவில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்கடா, நான் உக்காந்தே பாக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். சீட் தரையோடு இருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி பார்த்தார். நண்பன் கை கொடுக்கப் போனான். "வேணாம்ப்பா" என்றார். அந்த 'வேணாம்' முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் எடுத்த கணக்கு வாத்தியாருடையது. ஒரு நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எப்படியோ எழுந்து வந்தார். வந்து, "காத்து நல்லா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகு அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது சமையலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "அவன் ஆசப்பட்டத வாங்கட்டும். ஆஸ்பத்திரிக்கு எனக்கு ஆட்டோ போதும்."

அப்போதுதான் சான்ட்ரோ ஞாபகம் வந்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து முதலில் வந்தபோது, கூரை உயரமாக நட்டுக்குத்தலாக இருக்கிறதே என்று எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் 'டால் பாய்' என்று பெயர் வைத்தார்கள். 2009-ல் அப்பா ரிடையர் ஆன பணத்தில் அதை வாங்கி வந்தபோது, "ஏம்ப்பா, கொஞ்சம் ஸ்டைலா எதாவது வாங்கக்கூடாதா?" என்று கேட்ட மகராசன் நான். அந்த உயரத்தால் சீட் சரியாக இடுப்புக்கு நேராக இருந்தது. ஏறுவது, இறங்குவது என்று ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி. பதினைந்து வருஷமாக அப்பாவுக்கு வயதானதை அந்தக் கார் எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

எக்ஸெலில் புதிதாக ஒரு காலம் சேர்த்தேன். தலைப்பு: முழங்கால்.

அடுத்த ஞாயிறு அப்பாவையும் இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறினேன். விற்பனைப் பையன்கள் பூஜ்யத்திலிருந்து நூறு போக எத்தனை நொடி என்று சொல்ல வாயெடுப்பார்கள். நான், "அது இருக்கட்டும் தம்பி, உக்காந்து எந்திரிக்க எத்தனை நொடி?" என்பேன். ஸ்டாப் வாட்ச் பார்ப்பேன். அப்பாவுக்குக் கோபம். "என்னடா, ஆட்டு வியாபாரம் மாதிரி என்னை நிறுத்தி நிறுத்திப் பாக்குறே?" அப்படியெல்லாம் இருக்கவேண்டாம், உயரமான எஸ்.யூ.வி. ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதில் ஏறுவதற்குக் காலைத் தூக்கவேண்டும். அதுவும் முழங்கால்தான்.

ஆல்ட்ரோஸில் ஒரு விஷயம் உண்டு. கதவுகள் தொண்ணூறு டிகிரி திறக்கும். சுவரோடு சுவராக, பீரோக் கதவு மாதிரி. அப்பா டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சீட் சான்ட்ரோ உயரம் இல்லைதான். ஆனால் கதவு முழுசாக விலகிக்கொண்டதால், உடம்பை அப்படியே வெளிப்பக்கம் திருப்பி, இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் தொடையை அமுக்கி எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவ" என்றேன்.

"போடா" என்றார். ஆனால் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தார். அவருக்கே சந்தேகம்.

பந்தயக் கோடு போட்ட வண்டியைக் கதவுக்காக வாங்கியவன் இந்த டெல்டாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மனைவி, "அப்ப கியர் நானும் போட்டுக்கறேன், சான்ட்ரோல போடலியா?" என்றாள். சான்ட்ரோவைக் கொடுக்கும்போது அப்பா வாசலுக்கு வரவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை.

என் ராசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வாங்கிய மறுவருஷம், 2025 செப்டம்பர் 22-ம் தேதி, நாலு மீட்டருக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தலைமை எழுத்தர் அந்தச் செய்தியை வெட்டி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்.

வண்டி வந்த புதிதில் நானும் மணிக்கு முப்பதில்தான் போனேன், நெல்லுக்கும் டிராக்டருக்கும் பின்னால். 2025 ஏப்ரலில் சட்டநாதபுரத்திலிருந்து பூண்டியாங்குப்பம் வரை 57 கிலோமீட்டர் நாலு வழிச்சாலையைத் திறந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, அப்பாவை முன்னால் உட்காரவைத்து, சிதம்பரம் தரிசனத்துக்குக் கிளம்பினோம். தரங்கம்பாடி தாண்டி, சீர்காழி தாண்டி, நாலு வழியில் ஏறினேன். நேர் ரோடு. நெல் இல்லை, டிராக்டர் இல்லை. நான் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாகப் பக்கத்து சீட்டிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கேட்டுப் பழகிய கால்.

அப்பா ஸ்பீடாமீட்டரை எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தானாடா பதினோரு லட்சம் குடுத்தே?"

"அப்பா?"

"மிதிடா!"

மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். ஒரு கணம் பியூன் வரவில்லை. அப்புறம் டீ, ஃபைல், தபால் எல்லாம் வந்தது. பின் சீட்டில் அம்மா "முருகா" என்றாள். நூறில் நிறுத்தினேன், அங்கே சட்டப்படி அவ்வளவுதான். அப்பா கைப்பிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, பிரேயரில் நிற்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மீசை மட்டும் லேசாக அசைந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் கதவைத் தொண்ணூறு டிகிரி திறந்து, இரண்டு காலையும் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, நேரே எதிர்வீட்டுக்குப் போனார்.

"நூறு! என் கண்ணால பாத்தேன்!" என்றார் சொல்தா தாத்தாவிடம்.

தாத்தா எங்கள் வண்டியை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், பானெட்டிலிருந்த கோட்டைத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பெஜோ இல்லியே?" என்றார்.