ரத்தம் கேட்பவர்கள் பதிலும் சொல்லட்டும்!

ஏனாத்தூர் டீக்கடையில் ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்டார்: "தோழரே, ஒரு சொட்டு ரத்தத்தில் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடுமாமே! அப்படியானால் வேங்கைவயல் வழக்கு ஏன் வருஷக்கணக்கில் இழுத்தது?"

நியாயமான கேள்வி.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு நாம் விரோதிகள் அல்ல. 1986-ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் இப்பரிசோதனை நடந்தபோது என்னவாயிற்று? போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது வாலிபன் நிரபராதி என்று தெரிந்தது. உண்மைக் குற்றவாளி பிறகே அகப்பட்டு, 1988-ல் தண்டனை பெற்றான். ஏழையைக் காப்பாற்றவும் வல்லது இந்த விஞ்ஞானம்.

ஆனால் வேங்கைவயலில் நடந்ததென்ன? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அச்சிற்றூரில், தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே கொடுமை வெளிப்பட்டது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று. 2023 ஏப்ரலில் 11 பேரிடம் மாதிரி எடுக்கக் கோர்ட் அனுமதித்தது. அவர்களில் பெரும்பாலோர் யார்? அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களே! பாதிக்கப்பட்ட எங்களையே சந்தேகிப்பதா என்று 8 பேர் வர மறுத்தனர். பின்னர் 30 பேருக்கு மேல் பரிசோதித்தும் எவருடைய மாதிரியும் பொருந்தவில்லை. ஆயினும் 2025 ஜனவரியில், வேறு சாட்சியங்களைக் காட்டி, அம்மக்களில் மூவர்மீதே குற்றப்பத்திரிகை வந்தது!

பொருந்தியிருந்தால்தான் என்ன? மலம் யாருடையது என்று தெரிந்திருக்கும். தொட்டியில் கொட்டிய கை யாருடையது என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது போலீசின் வேலை. ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டியவர்கள், ரத்தக் குழாயை நீட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று உட்காரலாமா?

மாதிரியைக் கையாள்வதிலும் ஒழுங்கு வேண்டும். தேனி மாவட்ட இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஒருவரை 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளை அனுப்பியதில் நேர்ந்த தாமதமும் கோளாறும் அதற்கொரு காரணம். மாதிரி 48 மணி நேரத்தில் ஆய்வுக்கூடம் சேர வேண்டும், அது யார் யார் கை மாறியது என்பதற்குப் பதிவேடு வேண்டும் என்றும் கோர்ட் உத்தரவிட்டது. ஒரு மனிதன் தூக்குக்கயிற்றின் அடியில் நின்ற பிறகா இந்த விதி பிறக்க வேண்டும்?

நமது கோரிக்கைகள் எளியவை. இன்னாரிடம் ஏன் மாதிரி கேட்கிறோம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பொருந்தாதவருக்கு அதை எழுத்தில் தந்து, அவரது மாதிரியை அழிக்க வேண்டும். முடிவை எதிர்த்துக் கேட்க ஏழைக்கு சர்க்கார் செலவில் நிபுணர் உதவி வேண்டும்.

தோழரே, ரத்தம் பொய் சொல்லாது. ஆனால் யாருடைய ரத்தத்தை முதலில் எடுப்பது என்று தீர்மானிப்பது ரத்தம் அல்ல, அதிகாரம். அதைக் கேள்வி கேட்கும் பொறுப்பு நம்முடையது!