காதில்லாத ஏஜென்ட்டுக்கு ஒரு மேனுவல்

புனேக்கு வந்த நாளா என் பிழைப்பு மென்பொருளுக்கு மேனுவல் எழுதறது. "அப்போ கோடிங் இல்லியா?"ன்னு ஊர்க் கல்யாணத்துல கேக்கற சித்தப்பாக்களுக்கு இன்னும் பதில் சொல்லி மாளல :-) யாரும் படிக்காத அந்த மேனுவலுக்கு இப்போ திடீர்னு மவுசு. மனுஷங்க திருந்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. படிக்கப் போறது ஏஐ ஏஜென்ட்.

விஷயம் இதுதான். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்னு ஒண்ணை வெளியிட்டுது. எந்த மென்பொருளா இருந்தாலும், அது செய்யற வேலைகளை 'டூல்'களா பிரிச்சு ஏஜென்ட் கையில கொடுக்கலாம். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேர், ரெண்டு மூணு வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும்ங்கற விவரம். இசைத் தயாரிப்பும் தப்பல. ரீப்பர், ஏபிள்டன் லைவ் ரெண்டையும் ஆர்வலர்கள் இப்படி இணைச்சு விளையாடிக்கிட்டு இருக்காங்க.

அந்த ரெண்டு மூணு வரியை எழுதறது சில்லறை வேலைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்டுடியோவுல உட்கார்ற இன்ஜினீயர் மேனுவல் படிக்காமலே ஒரு குமிழைத் திருகிப் பார்ப்பார், காதுல கேட்டுட்டு திருப்பி வைப்பார். எந்த டூலைக் கூப்பிடலாம்னு முடிவு பண்ற நேரத்துல ஏஜென்ட் கையில இருக்கறது எழுத்து மட்டும்தான்.

உதாரணத்துக்கு மிடி. 1983லேர்ந்து இருக்கற தரம். அதுல 60ம் எண் நடு ஸ்தாயி 'சி'. ஏபிள்டன் லைவ் அதை சி3ன்னு காட்டும், வேற பல மென்பொருள் சி4ன்னு காட்டும். டூல் விளக்கத்துல வெறுமே "சுரத்தின் பெயர்"னு எழுதி வெச்சா, பாட்டு முழுக்க ஒரு ஸ்தாயி ஏறியோ இறங்கியோ வரும். சேனலும் இதே கூத்துதான். திரையில 1 முதல் 16 வரை, உள்ளே போற பைட்டுல 0 முதல் 15 வரை. ஜெனரல் மிடியில டிரம்ஸ் 10வது சேனல், அதாவது உள்ளே 9. எந்தக் கணக்குன்னு சொல்லலைன்னா தாளம் பியானோவுல வாசிக்கும்!

சத்த அளவை எடுத்துக்கோங்க. ரீப்பரோட ஸ்கிரிப்ட்ல ட்ராக் வால்யூம் 1ன்னா 0 டெசிபல், 2ன்னா சுமார் 6 டெசிபல் கூடுதல். அவங்க மேனுவல்ல இதை ஒரே வரியில எழுதியிருக்காங்க, சபாஷ். அந்த வரி இல்லாம ஒரு ஏஜென்ட் "6 டெசிபல் ஏத்து"ன்னு கேட்டதுக்கு 6ன்னு அனுப்பினா, சத்தம் பதினஞ்சு டெசிபலுக்கு மேல எகிறும். ஹெட்போன் மாட்டியிருக்கறவர் பாவம்.

இதெல்லாம்கூட எண் விவகாரம், கண்டுபிடிச்சுத் திருத்திடலாம். என்னை உறுத்தறது வேற. 'குவான்டைஸ்' டூலுக்கு "தாளப் பிழைகளைச் சரிசெய்யும்"னு விளக்கம் எழுதறாங்க. சுருதித் திருத்தத்துக்கு "தவறான சுரங்களைச் சரிசெய்யும்". பிழைன்னு யார் சொன்னது? அந்த டூல் செய்யறது என்னன்னா, ஒவ்வொரு சுரத்தையும் பக்கத்துல இருக்கற கட்டத்துக்கு நகர்த்தறது. அவ்வளவுதான். தோடி காந்தாரம் அசையறது கட்டத்துக்கு வெளியதான். "பதிவைக் கொஞ்சம் நல்லா பண்ணிக் கொடு"ன்னு நாம கேட்டா, 'சரிசெய்யும்'ங்கற வார்த்தையை நம்பி ஏஜென்ட் அதை எடுத்து கமகத்தையெல்லாம் இஸ்திரி போட்டுடும். நவராத்திரிக்குப் பாடினதை வீட்டுலயே பதிவு பண்ணி தாத்தா பாட்டிக்கு அனுப்பற குடும்பங்கள் நம்மள்ல எத்தனை! பாட்டு டீச்சர் மாசக்கணக்குல உயிரைக் கொடுத்து வரவழைச்ச அசைவு அது.

மிடியிலயும் இதே வம்பு. சுரத்தை வளைக்கற பிட்ச் பெண்ட் 0லேர்ந்து 16383 வரை, நடுவுல 8192. அது எவ்வளவு தூரம் வளைக்கும்ங்கறது கருவியைப் பொறுத்தது. வழக்கமா மேலே ரெண்டு, கீழே ரெண்டு அரைச்சுரம். இதை எழுதாம விட்டா, சுத்தமா வாங்கின ஜாரு வேற எங்கேயோ போய் இறங்கும்.

"மாடல் மூலநிரலையே படிச்சுக்கும், உங்க டாக்குமென்ட் எதுக்கு?"ன்னு ஒரு டெவலப்பர் தம்பி கேட்டார். நிரல் என்ன செய்யுதுன்னு நிரல்லயே இருக்கு, வாஸ்தவம். எப்போ செய்யக்கூடாதுங்கறது அதுல இருக்காதே தம்பி. பழைய பதிவு மேலயே எழுதிடுமா, புதுக் கோப்பா வெக்குமா, அன்டூ உண்டா இல்லியா... முதல்ல சொல்ல வேண்டியது இதைத்தான். அதுக்காக இருபது பக்கம் எழுதினாலும் ஆகாது. ஏஜென்ட் ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கற இடத்துக்கு அளவு இருக்கு, நீளமான விளக்கம் அதைத் தின்னுடும்.

ஒரு வயித்தெரிச்சலையும் கொட்டிக்கறேன். மனுஷங்களுக்காக இதே விவரங்களை எழுதறோம்னு கேட்டப்போ நேரமில்ல, பட்ஜெட் இல்லன்னாங்க, பல வருஷம். மெஷின் படிக்கும்னதும் பட்ஜெட் வந்துடுச்சு. வரட்டும். எழுதறதை மனுஷனும் படிக்கற மாதிரி எழுதிட்டுப் போவோம்.

பெங்களூர், ஹைதராபாத், நொய்டான்னு உட்கார்ந்து டூல் எழுதற நம்ம ஆளுங்களுக்கு ஒரே கோரிக்கை. விளக்கத்துலேர்ந்து 'சரிசெய்யும்', 'மேம்படுத்தும்' ரெண்டையும் தூக்கிடுங்க. எதை எங்கே நகர்த்தும், எது அழியும்னு எழுதுங்க. நான் இப்படி எழுதின ஒரு மாதிரி: "ஒவ்வொரு சுரத்தையும் பன்னிரண்டில் அருகிலுள்ளதற்கு நகர்த்தும். வழுக்கல், அசைவு அழியும். கர்நாடக இசைக்குப் பயனர் வெளிப்படையாகக் கேட்டால் மட்டும்."

அதை மராட்டிக்கார நண்பர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஹிந்துஸ்தானி பாடறவர். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "எங்க மீண்ட் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னார். கடைசி வரியில ஹிந்துஸ்தானியும் சேர்ந்தாச்சு.